பெஞ்சில் இருந்த வருடங்கள்

எங்கள் மென்பொருள் தொழிலில் பெஞ்ச் என்று ஒரு சொல் உண்டு. சம்பளம் வரும், வேலை இருக்காது. எந்த புராஜெக்டிலும் பெயர் இல்லாமல் காலையில் போய் உட்கார்ந்துவிட்டு மாலையில் வீடு திரும்ப வேண்டும். சென்னையில் 5 மாதம் அப்படி இருந்தேன். பிறகு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள டி மாய்ன் நகரத்துக்கு ஆன்சைட், அதாவது வாடிக்கையாளர் இடத்திலேயே போய் வேலை பார்க்கும் வாய்ப்பு, கிடைத்தது. ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இரவில் கணினியில் வரிசையாகத் தானே ஓடும் பேட்ச் வேலைகளை (ஜாப் என்போம்) கவனிக்கும் குழுவில் நான் இரண்டாம் ஆள். குழுவை நடத்தும் லீடுக்கு முடியாமல் போனால்தான் என் முறை வரும். அதுவும் பெஞ்ச்தான் என்று அப்போது நினைத்தேன்.

கர்ட் வார்னர் என்ற பெயரை அங்கேதான் முதலில் கேட்டேன். அவர் அயோவாக்காரர், அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக். எனக்கு அந்த ஆட்டமே புரியாது. பக்கத்து இருக்கைக்காரர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். களத்தில் ஒரு பக்கத்துக்கு 11 பேர். ஏறக்குறைய எல்லா முறையும் பந்து முதலில் குவார்ட்டர்பேக் கைக்குத்தான் வரும். எதிரணிக்காரர்கள் மேலே வந்து விழுவதற்குள், இரண்டரை மூன்று விநாடியில், யாருக்கு எறிவது என்று அவர் முடிவு செய்தாக வேண்டும். யார் எந்தப் பக்கம் ஓடுவார்கள் என்பதெல்லாம் ப்ளேபுக் என்ற தடித்த புத்தகத்தில் இருக்கும். அது தலைக்குள் ஏறியிருக்க வேண்டும். மற்ற இடங்களுக்கு ஆட்களை மாற்றி மாற்றி இறக்குவார்கள். குவார்ட்டர்பேக்கை மட்டும், அடிபட்டாலோ மிக மோசமாக ஆடினாலோ தவிர, பெரும்பாலும் மாற்றமாட்டார்கள். அதனால் இரண்டாம் ஆள் வருடக்கணக்கில் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

வார்னர் கல்லூரியிலேயே அப்படித்தான் நின்றார். சீடர் ஃபால்ஸ் ஊரில் வடக்கு அயோவா பல்கலைக்கழகம். நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் பார்க்கும் பெரிய கல்லூரி அணிகளில் அது ஒன்றல்ல. அங்கேயும் கடைசி வருடமான 1993-இல்தான் முதல் ஆளாக ஆடினார். அந்த ஒரே வருடத்தில் அந்தக் கல்லூரி ஆடிய லீகின் சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர் ஆனார். கல்லூரியிலிருந்து தொழில்முறைக்குப் போகும் வாசல் டிராஃப்ட். அமெரிக்கக் கால்பந்தின் பெரிய தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.-இன் அணிகள் ஒவ்வொன்றாக மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும். 1994-இல் 7 சுற்று நடந்தது. ஒரு சுற்றிலும் அவர் பெயர் வரவில்லை.

ஆனாலும் கிரீன் பே பேக்கர்ஸ் அணி பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டது. அவருக்கு முன்னால் பிரெட் ஃபாவ்ர், மார்க் புரூனெல், டை டெட்மர் என்று மூன்று பேர். ஒரு நாள் பயிற்சியில் கோச் அவரை உள்ளே போய் ஆடச் சொன்னார். வார்னர் போகவில்லை. ப்ளேபுக் தனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை என்ற பயம். அவரே பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார். கொஞ்ச நாளில் அவரை அனுப்பிவிட்டார்கள்.

இதைக் கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏனென்றால் அதற்குச் சில மாதங்களுக்கு முன் நானும் அதையே செய்திருந்தேன். காலாண்டு முடிவு இரவு. லீட் மதுரைக்காரர், நல்ல மனிதர். "தம்பி, இன்னிக்கு நீ பாத்துக்கிறியா? நான் பக்கத்துலயே இருக்கேன்" என்றார். எங்களுக்கும் ஒரு தடித்த புத்தகம் உண்டு, ரன்புக் என்போம். எந்த ஜாப் எதற்குப் பின் ஓடும், நடுவில் அபெண்ட் ஆனால், அதாவது பிழை வந்து நின்றுபோனால், எங்கிருந்து திரும்ப ஓட்டுவது, யாரை எழுப்புவது, எல்லாம் அதில் இருக்கும். வந்து நான்கு மாதம் ஆகியும் நான் அதைப் பாதிகூடப் படித்திருக்கவில்லை. "இல்லண்ணா, அடுத்த தடவை பாக்கறேன்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தடவை என்று ஒன்று ஒரு வருடத்துக்கு வரவே இல்லை.

பேக்கர்ஸ் அனுப்பிய பிறகு வார்னர் சீடர் ஃபால்ஸுக்குத் திரும்பி, ஹைவீ என்ற பல்பொருள் கடையில் இரவு வேலைக்குச் சேர்ந்தார். அலமாரிகளில் சரக்கு அடுக்கும் வேலை, மணிக்கு 5.50 டாலர். அயோவாவில் யாரிடம் பேசினாலும் இந்தக் கடையைச் சொல்லிவிட்டு, நேரே 2000 ஜனவரியில் அவர் என்.எஃப்.எல். இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை ஜெயித்த கதைக்குத் தாவிவிடுவார்கள். சரக்கு அடுக்கியவர் சாம்பியன் ஆனார், அற்புதம் என்று. அப்படிச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. நடுவில் உள்ள ஐந்து வருடங்களை அது விழுங்கிவிடுகிறது.

அந்த வருடங்களில் மூன்று, 1995 முதல் 1997 வரை, டி மாய்னிலேயே கழிந்தன. அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ் என்ற அரீனா கால்பந்து அணி. இது கூரைக்குக் கீழே ஆடும் ஆட்டம். களத்தின் நீளம் 100 கஜத்துக்குப் பதில் 50 கஜம், அகலமும் பாதிதான். பக்கத்துக்கு 8 பேர். ஓரங்களில் மெத்தை வைத்த சுவர். இடம் குறைவு என்பதால் எல்லாம் சீக்கிரம் நடக்கும். பந்து கையில் தங்கக் கூடாது. பெரிய லீகில் இடம் கிடைக்காதவர்கள் போகும் இடம் என்றுதான் பலர் நினைப்பார்கள். ஆனால் பிற்பாடு என்.எஃப்.எல்.-இல் அவரிடம் எல்லோரும் வியந்தது, பந்து வந்த மாத்திரத்தில் கையை விட்டுப் போகும் அந்த வேகத்தைத்தான். அணி 1996, 1997 இரண்டு வருடமும் இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றது. அவர்கள் ஆடிய வெட்டரன்ஸ் ஆடிட்டோரியம் வழியாக நடக்கும்போதெல்லாம் அந்த 50 கஜத்தை நினைத்துக்கொள்வேன்.

அப்புறம் 1998-இல் என்.எஃப்.எல். ஐரோப்பாவில் நடத்திய லீகில் ஆம்ஸ்டர்டாம் அட்மிரல்ஸ், பிறகு என்.எஃப்.எல்.-இலேயே செயின்ட் லூயி ராம்ஸ். ராம்ஸில் அந்த சீசனில் ஒரே ஒரு ஆட்டத்தில் 11 முறை எறிந்தார். 1999-இல் புதிதாகத் தொடங்கிய கிளீவ்லாண்ட் அணி மற்ற அணிகளிலிருந்து ஆட்களை எடுத்துக்கொள்ளலாம் என்றபோது, ராம்ஸ் அவரைப் பாதுகாக்காமல் விட்டது. கிளீவ்லாண்டும் எடுக்கவில்லை. அந்த ஆகஸ்டில், சீசன் தொடங்கும் முன் நடந்த ஓர் ஆட்டத்தில் முதல் குவார்ட்டர்பேக் ட்ரென்ட் கிரீனின் முழங்கால் போயிற்று. தலைமைக் கோச் டிக் வெர்மீல் கண் கலங்க, வார்னரைச் சுற்றி எல்லோரும் நின்று நன்றாக ஆடுவோம் என்றார். வார்னருக்கு அப்போது 28 வயது. இந்த முறை அவருக்குப் புத்தகம் தெரிந்திருந்தது. அந்த சீசனில் 41 டச்டவுன், அதாவது எதிரணி எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுக்கும் எறிதல், எறிந்தார். முந்தைய வருடம் நான்கே ஆட்டம் ஜெயித்த அணி, அட்லாண்டாவில் டென்னசி டைட்டன்ஸை 23-16 என்று வென்று கோப்பையை எடுத்தது.

நான் ரன்புக்கை எடுத்தது இந்தக் கதையைக் கேட்ட வாரத்தில்தான். ஒவ்வோர் இரவும் ஜாப்கள் ஓடும்போதே, லீடுக்குப் பின்னால் உட்கார்ந்து, இப்போது இது நின்றுபோனால் நான் என்ன செய்வேன் என்று ஒரு நோட்டில் எழுதினேன். எழுதி முடித்துப் புத்தகத்தைப் பார்ப்பேன். முதலில் பாதி தப்பாக இருந்தது. மூன்று நோட்டு தீர்ந்தது. அடுத்த வருடம் லீட் அவசரமாக ஊருக்குப் போக நேர்ந்தபோது, நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வார்னரின் பிற்கால வருடங்களில் எனக்குப் பிடித்தது 2004. நியூயார்க் ஜயன்ட்ஸில் முதல் ஆளாக 9 ஆட்டம், ஐந்தில் வெற்றி. அப்படியிருந்தும் அந்த வருட டிராஃப்டில் முதலாவதாகப் போன ஈலை மேனிங்குக்கு இடம் கொடுக்க வேண்டியிருந்தது. கல்லூரியிலிருந்து நேராக வந்த பையன். வார்னர் முணுமுணுக்காமல் அவருக்குப் பக்கத்தில் நின்றார். அடுத்து அரிசோனாவுக்குப் போய், அங்கேயும் கொஞ்ச காலம் காத்திருந்து, 37 வயதில் அந்த அணியை சூப்பர் பவுலுக்குக் கொண்டுபோனார்.

இப்போது நான் லீட். போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் இரண்டாம் ஆளாக வந்திருக்கிறார். நேற்று இரவு அவரிடம், "இன்னிக்கு நீங்க பாருங்க, நான் பக்கத்துலதான் இருக்கேன்" என்றேன். அவர் முகம் வெளிறியது. "அண்ணா, ரன்புக்ல மூணு பக்கம்தான் படிச்சிருக்கேன்" என்றார்.

"சரி, நாலாவது பக்கத்தை இப்ப சேர்ந்து படிச்சிடலாம்" என்று என் நாற்காலியை அவருக்குத் தள்ளினேன். முதல் ஜாப் ஓட இன்னும் 20 நிமிடம் இருந்தது.