ராமென் நாட்குறிப்பு: ஜப்பானில் தெற்கிலிருந்து வடக்கே

பிப்ரவரி 8, ஃபுகுவோகா

ராமென், அதாவது சாற்றில் போட்ட ஜப்பானியச் சேமியா, தேடி வந்த முதல் ஊர். நக்காசு பகுதியில் ஆற்றோரம் வரிசையாகத் தள்ளுவண்டிக் கடைகள். யத்தாய் என்கிறார்கள். பிளாஸ்டிக் திரையை விலக்கி நுழைந்தால் உள்ளே பத்துப் பேர் தோள் இடிக்க உட்கார்ந்திருக்கிறார்கள். பன்றி எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு, மஜ்ஜையெல்லாம் கரைந்து, பால்போல வெளுத்த சாறு. தொன்கொத்சு. வாடை தெருமுனையிலேயே வரவேற்றது. எனக்குக் கொஞ்சம் குமட்டவும் செய்தது. மூன்றாவது கரண்டியில் மூக்கு சமாதானமாகிவிட்டது.

சேமியா வேக்காட்டை நாமே சொல்ல வேண்டும். கத்தா என்றால் விறைப்பு. பரிகத்தா, அதைவிட விறைப்பு. ஹரிகனே என்றால் கம்பி. அதற்கும் மேலே கொனஒத்தோஷி: ஒட்டியிருக்கும் மாவு உதிர்வதற்காக வெந்நீரில் காட்டி எடுப்பது, அவ்வளவுதான். பக்கத்துக்காரர் ஹரிகனே என்றார். நானும் வீறாப்பாக அதையே சொல்லிவிட்டு, பச்சை மாவை மென்றுகொண்டிருந்தேன்.

பிப்ரவரி 9, ஃபுகுவோகா

இன்று நகஹாமா, மீன் சந்தைப் பக்கம். இந்த ஊர் ராமென் ஏன் இவ்வளவு மெல்லிசு என்பது இங்கே வந்துதான் புரிந்தது. ஏலத்துக்கு ஓடுகிறவனுக்கு நின்று சாப்பிட நேரமில்லை; மெல்லிய சேமியா நொடியில் வெந்துவிடும். ஆனால் சாற்றில் போட்டதும் ஊறிக் குழைந்தும் போகும். அதனால் முதலில் கொஞ்சமாகத்தான் வைக்கிறார்கள். தீர்ந்ததும் "கயேதமா" என்று ஒரு குரல் கொடுத்தால், மிச்சச் சாற்றில் புதுச் சேமியா வந்து விழும். நம் ஊரில் மறுசோறு கேட்கிற மாதிரி, ஆனால் இதற்குக் காசு உண்டு.

படம் எடுத்து, எடிட் செய்து, அம்மாவுக்கு அனுப்பிவிட்டு நிமிர்ந்தால் கிண்ணத்தில் கூழ். இனி ஒரே ஒரு படம், உடனே சாப்பாடு.

பிப்ரவரி 11, ஒனொமிச்சி

சோயா சாறு, மேலே பன்றிக் கொழுப்புத் துணுக்குகள். வயிறு மந்தம். பாதியில் வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 13, தோக்கியோ

வாசலில் சீட்டு மிஷின். எதை அழுத்துவது என்று தெரியாவிட்டால் இடப்பக்கம் மேல் மூலைப் பொத்தான், பெரும்பாலும் கடையின் முக்கியமான ராமென் அதுதான் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். பின்னால் நாலு பேர் நின்ற பதற்றத்தில் வேறெதையோ தட்டினேன். வந்தது ஓர் அவித்த முட்டைக்கான சீட்டு. மறுபடி வரிசையில் நின்றேன்.

சாப்பிட்டது த்சுகெமென். தடித்த சேமியா தனியாக, ஆறவைத்து. குறுக்கிய சாறு இன்னொரு கிண்ணத்தில். தொட்டுத் தொட்டுச் சாப்பிட வேண்டும். கடைப் பையன்கள் மிஞ்சிய சேமியாவைச் சாற்றில் தோய்த்துத் தின்ற பழக்கம் இது. அதை 1955இல் விற்பனைக்குக் கொண்டுவந்தவர் யமகிஷி கசுவோ. 1961இல் ஹிகாஷி இக்கெபுகுரோவில் தனிக்கடை போட்டார். இதில் எனக்குப் பிடித்தது கடைசிக் கட்டம்தான். சேமியா தீர்ந்ததும் அடியில் கிடக்கும் உப்புக் கரிக்கிற சாற்றில் சூடான நீர்த்த சாறு ஊற்றிக் கொடுத்தார்கள். ரசம் மாதிரி குடித்தேன்.

பிப்ரவரி 15, கித்தகதா

காலை ஏழரை. முழங்கால் வரை பனி. இந்த ஊரில் காலைச் சாப்பாடே ராமென்தான். அசரா என்று தனிப்பெயர். கடைக்குள் ரப்பர் பூட்ஸோடு பெரியவர்கள், ஆளுக்கொரு செய்தித்தாள். யாரும் பேசவில்லை, உறிஞ்சுகிற சத்தம் மட்டும். சின்ன வயதில் இப்படி உறிஞ்சித் தலையில் குட்டு வாங்கியவன் நான். இங்கே சத்தமில்லாமல் சாப்பிட்டு எதிரே இருந்தவரைத் திரும்பிப் பார்க்கவைத்தேன்.

சேமியா பட்டையாக, அலை அலையாக, தண்ணீர் அதிகம் சேர்த்துப் பிசைந்தது. பல்லில் வழுக்கி, கடித்தால் எழும்புகிறது. சாறு தெளிவு. ஒரு வாய் குடித்ததும் பழகிய வாசனை. நிபொஷி என்றார்கள், எடுத்துக் காட்டியபோதுதான் சிரிப்பு வந்தது. நெத்திலிக் கருவாடு! தலையையும் வயிற்றையும் கிள்ளி எறிவதுகூட நம் வீட்டில் செய்கிற அதே மாதிரி. இந்தப் பயணத்தில் வேக்காடு பற்றிக் கவலைப்படாமல் சாப்பிட்ட ஒரே கிண்ணம் இது. இரண்டாவதும் வாங்கினேன்.

பிப்ரவரி 18, சப்போரோ

அஜி நோ சன்பே. 1950களில் மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) ராமெனைத் தொடங்கிவைத்த கடை. எழுதுபொருள் விற்கும் கட்டடத்தின் 4ஆம் மாடியில் இருக்கிறது. பேனாக்களையும் வர்ணப் பெட்டிகளையும் தாண்டிப் போனால் பூண்டு வாசனை. கடாயில் முளைப்பயறும் கொத்துக்கறியும் சீறுகின்றன. சுருட்டையான மஞ்சள் சேமியா.

கிண்ணம் வந்தது. ஆவியே இல்லை. ஆறிவிட்டது போல, சரி, நிதானமாகச் சாப்பிடலாம் என்று ஒரு படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பிவிட்டு, ஒரு கரண்டி நிறைய வாயில் ஊற்றினேன். மேலே படிந்திருந்த கொழுப்பு, அடியில் இருந்த சூட்டையெல்லாம் மூடி வைத்திருக்கிறது. வெளியே மைனஸ் 6. வெறும் சாறாக இருந்தால் பாதி தின்பதற்குள் ஆறியிருக்கும்.

நாக்கு வெந்து, தண்ணீர்க் குவளையை வாயில் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. அம்மா: "என்னடா, ஆவியே காணோம். ஆறிப்போனதையா சாப்பிடற?"