ஒரே ஒரு காரை வைத்து கஸ்டம்ஸ் புரோக்கர் தேர்வுக்குப் படித்தேன்

ராத்திரி பதினோரு மணிக்கு காக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கட்டம் கட்டமாக ஜப்பான் எழுத்து. ஓரத்தில் ஒரு காரின் கோட்டுப்படம், அதன் மேல் ஏ1, யூ2, டபிள்யூ1 என்று பேனாவால் கிறுக்கியிருந்தது. கீழே, "தம்பி, டொயோட்டா அக்வா. ஏலத்துல வருது. ஊருக்குக் கொண்டு வந்துடலாமா? நீதான் கஸ்டம்ஸ் ஆளாச்சே."

காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன். இவர் என் பெரியம்மா மகன், யோகோஹாமாவில் வேலை பார்க்கிறார். எனக்கு ஊர் கீழக்கரை, பிழைப்பு தூத்துக்குடியில். ஒரு சிஹெச்ஏ (சுங்க முகவர்) ஆபீஸில் ஜி கார்டு, அதாவது சுங்க வேலை பார்க்க அனுமதி பெற்ற ஊழியர். 2024 டிசம்பரில், ஒருமுறை எழுதிக் கோட்டை விட்ட கஸ்டம்ஸ் புரோக்கர் தேர்வுக்கு இரண்டாம் தடவை படித்துக்கொண்டிருந்தேன். உண்மையில் புத்தகத்தைத் திறந்து வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

தேர்வைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறர் சரக்கைச் சுங்கத்தில் விடுவித்துத் தரும் உரிமத்துக்காக, 2018 கஸ்டம்ஸ் புரோக்கர் உரிம விதிகளில் 6ஆம் விதிப்படி நடக்கும் தேர்வு இது. கணினியில் 150 கேள்விகள், இரண்டரை மணி நேரம். சரியான விடைக்கு 3, தவறுக்கு 1 கழியும். மொத்தம் 450, தேற 270. பிறகு வாய்மொழித் தேர்வு, அதிலும் 60 சதவீதம் வேண்டும். கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். பட்டத்தோடு எம்பிஏ, சட்டம், சிஏ மாதிரி ஒரு தொழில்முறைப் படிப்பு இருந்தால் எழுதலாம். என்னைப் போல் வெறும் பட்டதாரி என்றால் ஜி கார்டில் குறைந்தது இரண்டு வருட வேலை இருக்க வேண்டும்.

முதல் தடவை என் மதிப்பெண் 246. கணக்குப் போட்டுப் பார்த்தால் சரி 98, தவறு 48, விட்டது 4. அந்த 48இல் 30ஐத் தொடாமல் விட்டிருந்தால் 276 வந்து தேறியிருப்பேன். இதைக் கண்டுபிடித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை.

பாடத்திட்டம் பெரிய கடல். பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதி அறிவிப்புப் படிவம்), கப்பல் வருகை, வகைப்பாடு, மதிப்பீடு, பாண்டு, டிராபேக், குற்றங்கள், மேல்முறையீடு, அதற்கு மேல் வெடிபொருள் சட்டம் தொடங்கி உணவுப் பாதுகாப்பு வரை துணைச் சட்டங்கள். நான் அத்தியாயம் அத்தியாயமாகப் படித்தேன். எட்டாவதுக்குப் போகும்போது மூன்றாவது மறந்திருக்கும். காக்காவின் காருக்குப் பதில் சொல்ல உட்கார்ந்த அந்த ராத்திரிதான், ஒரே சரக்கைப் பிடித்துக்கொண்டு எல்லா அத்தியாயத்துக்குள்ளும் போய்வரலாம் என்று பட்டது.

தொடங்கியதே தப்பாக. வரி எவ்வளவு என்று பார்த்துத் தாளில் கணக்குப் போட்டு, மறுநாள் ஆபீஸில் சீனியர் அண்ணாச்சியிடம் பெருமையாகக் காட்டினேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கேட்டார்: "ஏலே, டூட்டி கிடக்கட்டும். வண்டி முதல்ல உள்ள வருமான்னு பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. முதல் தேர்விலும் நான் கவிழ்ந்தது இதே பழக்கத்தால்தான். கேள்வியில் எண்ணைக் கண்டவுடன் கை கால்குலேட்டரைத் தேடும். வரலாமா என்பது வணிகக் கொள்கை, எவ்வளவு என்பது டாரிஃப். முதல் கேள்விக்கு 'வராது' என்றால் இரண்டாவதற்கு வேலையே இல்லை.

பழைய காருக்கு, இறக்குமதிப் பட்டியலில் வாகனங்களுக்கான 87ஆம் அத்தியாயத்தின் குறிப்பு என்ன சொல்கிறதென்று அன்று வரிவரியாக வாசித்தோம். தயாரித்த தேதியிலிருந்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். ஸ்பீடோமீட்டர் கிலோமீட்டரில் காட்ட வேண்டும். ஹெட்லைட் வெளிச்சம் இடப்பக்கம் ஓட்டும் சாலைக்கு ஏற்றதாக விழ வேண்டும். இறக்கிய நாளிலிருந்து ஐந்து வருடமாவது ஓடும் தகுதியும், அந்த ஐந்து வருடத்துக்கு இந்தியாவிலேயே சர்வீஸ் வசதிக்கு உறுதியும் வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகளுக்குப் பொருந்த வேண்டும். கப்பலேறும் முன் ஒரு ஆய்வுச் சான்று, வந்தபின் புனே ஏஆர்ஏஐ மாதிரி அறிவிக்கப்பட்ட நிறுவனத்தில் சோதனை. கடைசியாக, பழைய கார் இறங்கக்கூடிய ஒரே துறைமுகம் மும்பை.

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் பக்கம் வீட்டுக்கொரு ஆள் வளைகுடாவில் இருப்பார். "துபாய்ல சும்மா கிடக்குற லேண்ட் குரூசரக் கொண்டு வந்தா என்ன?" என்று கல்யாண வீட்டில் நாலு பேராவது கேட்டிருப்பார்கள். அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம், பேச்சு அதோடு முடிந்தது. ஜப்பான் கார் ஆசை காட்டுவது இங்கேதான். வலப்பக்க ஸ்டியரிங், இடப்பக்கச் சாலை, கிலோமீட்டர் மீட்டர் என்று மூன்றும் பொருந்திவிடும். மூன்று டிக் விழுந்ததும் மனசு மீதியை வாசிக்க மறுக்கும். தேர்வில் கேள்வி அமைப்பவரும் இந்த மனசை நம்பித்தான் அமைக்கிறார்.

காக்காவின் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். ஏ1 என்றால் சின்னக் கீறல், யூ2 நெளிசல், டபிள்யூ1 தட்டிச் சரிசெய்த தடம், எஸ் என்றால் துரு. "எஸ் ஒண்ணுகூட இல்ல பாரு" என்றார் காக்கா. நம்ம ஊர்க் கடல்காற்றில் ஒரு வருடம் நிறுத்தினால் எல்லாப் பக்கமும் எஸ்தான் என்றேன்.

வருடத்தின் இடத்தில் 4 என்றும் மாதத்தில் 2 என்றும் இருந்தது. அது ஜப்பான் வருடக் கணக்கு. ரெய்வா 4 என்றால் 2022. "பிப்ரவரி 2022, ஜனவரி நடுவுல கப்பல் ஏத்துனா மூணு வருசம் ஆகல. சரியாப் போச்சு" என்று காக்கா மகிழ்ந்தார். ஆனால் அது முதல் பதிவுத் தேதி, தயாரிப்புத் தேதி அல்ல. விதி கேட்பது தயாரிப்பை. சேசிஸ் எண்ணைக் கொடுத்து விசாரிக்கச் சொன்னேன். 2021 டிசம்பர் என்று வந்தது. 2025 ஜனவரியில் ஏறினால் மூன்று வருடம் தாண்டிவிடும்.

அந்த இரண்டு மாத வித்தியாசத்துக்குப் பிறகு 'தயாரிப்பு' என்ற சொல்லை நான் எந்தக் கேள்வித்தாளிலும் தவறவிட்டதில்லை.

காக்காவிடம் ஏற்கெனவே ஒரு ஏஜென்ட் "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்பதிலிருந்து அடுத்த அத்தியாயம் தொடங்கியது. நிபந்தனையை மீறி வந்த சரக்கு சுங்கச் சட்டம் 111(டி) பிரிவில் பறிமுதலாகும். 112இல் அபராதம். 125இல் மீட்புத் தொகை கட்டி எடுக்க விடலாம், ஆனால் தடைசெய்யப்பட்ட சரக்கென்றால் அப்படி விடுவது அதிகாரியின் விருப்பம், கட்டாயமில்லை. பில் ஆஃப் என்ட்ரி தாமதமானால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், பிறகு 10,000. முப்பது நாளில் எடுக்காத சரக்கை 48இன் கீழ் விற்கலாம். இத்தனை பிரிவு எண்களும் எனக்கு மனப்பாடமானது அந்த ஏஜென்ட் புண்ணியத்தில். காரைப் பிரித்து உதிரியாகக் கண்டெய்னரில் போட்டால் என்ன என்றும் காக்கா கேட்டார். வகைப்பாட்டின் பொது விளக்க விதி 2(ஏ): பிரித்துப் போட்டாலும் முழுப் பொருளின் தன்மை இருந்தால் அது கார்தான்.

சரி, வண்டி வரும் என்றே வைத்துக்கொள்வோம், கணக்குப் பழக வேண்டுமே. எஃப்ஓபி (கப்பலில் ஏற்றும் வரைக்கான விலை) 10,00,000 ரூபாய் என்று எடுத்தேன். கப்பல் கூலி தெரியவில்லை என்றால் எஃப்ஓபியில் 20 சதவீதம், இன்சூரன்ஸ் தெரியவில்லை என்றால் 1.125 சதவீதம். ஆக 2,00,000, 11,250. அசெசபிள் வேல்யூ, அதாவது சுங்கம் போடும் மதிப்பு, 12,11,250. என் பழைய கைடு இதோடு ஒரு சதவீதம் இறக்குகூலி சேர்க்கச் சொன்னது. அது 2017 செப்டம்பர் 26இலேயே போய்விட்டது. ஆனாலும் 12,23,362.50 என்று ஒரு விடை விருப்பங்களுக்குள் அழகாக உட்கார்ந்திருக்கும். செகண்ட் ஹேண்ட் கைடு வாங்கிப் படிப்பவர்களுக்கு விரித்த வலை அது. கைடைத் தலையணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், விகிதங்களை சுங்க வாரியமான சிபிஐசியின் தளத்தில் பாருங்கள்.

பழைய காருக்கு அடிப்படைச் சுங்கம் முன்பு 125 சதவீதம், அதன் மேல் சமூகநல சர்சார்ஜ் பத்தில் ஒரு பங்கு, ஆக 137.5. 2025 பட்ஜெட்டில் அடிப்படை 70 ஆகக் குறைந்தது என்று செய்தி பார்த்து காக்கா துள்ளினார். கூடவே சர்சார்ஜ் போய், வேளாண் உள்கட்டமைப்பு செஸ் 67.5 வந்தது. கூட்டிப் பாருங்கள், அதே 137.5. நம் எண்ணில் 16,65,468.75. மதிப்போடு சேர்த்தால் 28,76,718.75. ஐஜிஎஸ்டி இந்தக் கூட்டுத் தொகை மேல் விழும், வெறும் அசெசபிள் வேல்யூ மேல் அல்ல. பாதிப் பேர் வழுக்குவது இந்தப் படியில்தான். 1,200 சிசிக்கு மேற்பட்ட பெட்ரோல் காருக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம் என்றால் 11,50,687.50. மும்பைக் கரையில் வண்டி விலை 40,27,406.25 ரூபாய். பத்து லட்சத்துக் கார்!

அக்வா ஒன்றரை லிட்டர் எஞ்சின்தானே என்று பெட்ரோல் காரின் வகைப்பாட்டு எண்ணான 8703 22இல் போட்டுவிடாதீர்கள். பெட்ரோலும் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும், வெளியே பிளக் கிடையாது, ஆகவே 8703 40. பிளக் இருந்தால் 60, வெறும் மின்சாரம் என்றால் 80.

இன்வாய்ஸ் விலையில் சந்தேகம் வந்தால் மதிப்பீட்டு விதி 12. அந்த விலையைத் தள்ளிவிட்டால், புதிதாக இருந்தபோதைய விலையிலிருந்து தேய்மானம் கழித்துப் பார்க்கும் பழைய நடைமுறை ஒன்று உண்டு. முதல் வருடம் காலாண்டுக்கு 4 சதவீதம், இரண்டாம் வருடம் 3, மூன்றாம் வருடம் 2.5, அப்புறம் 2. மொத்தம் 70ஐத் தாண்டாது. இரண்டே முக்கால் வருட வண்டிக்கு 16, 12, 7.5 சேர்ந்து 35.5. இதைக் குளிக்கும்போதுகூடச் சொல்லிப் பார்ப்பேன். "இன்னும் அந்தக் காரைத்தான் படிக்கிறியா? அது வரவே வராதுன்னு சொன்னியே" என்று உம்மா கேட்டுக்கொண்டே தொதல் தட்டை வைத்துவிட்டுப் போவார்.

சுங்கம் தாண்டினால் முடிந்தது என்று நினைப்பவர்களுக்காக ஒரு பாரா. சாலையில் ஓட மோட்டார் வாகனச் சட்டம் 39படி பதிவு வேண்டும். 40படி நாம் குடியிருக்கும் மாநிலத்து ஆர்டிஓ. எங்களுக்குப் பக்கம் ராமநாதபுரம், டிஎன் 65. மும்பையிலிருந்து வர 43படி தற்காலிகப் பதிவு. படிவம் 20ஓடு சுங்கத் தீர்வைச் சான்றும் கொடுக்க வேண்டும். ஆயுள் வரி, மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் தனி. இந்தியாவில் விற்காத மாடல் என்பதால் ஐந்து வருட சர்வீஸுக்கு யார் கையெழுத்துப் போடுவார் என்ற இடத்தில் காக்கா ஓய்ந்துவிட்டார். வருடத்துக்கு 2,500 வண்டி வரை இந்திய ஹோமலோகேஷன் (மாடலுக்கான ஒப்புதல்) இல்லாமலே கொண்டு வரலாம் என்று 2018இல் ஒரு திருத்தம் வந்ததே என்றால், அது தயாரிப்பாளருக்கும் அவர் அங்கீகரித்த பிரதிநிதிக்கும்தான். தனி ஆள் அதில் நுழைய முடியாது.

தேர்வு அறையில் நான் மாற்றிக்கொண்டது ஒன்றே ஒன்று. நாலு விருப்பத்தில் ஒன்றைக்கூட நீக்க முடியவில்லை என்றால் குருட்டாம்போக்கில் போடுவது லாபமுமில்லை நஷ்டமுமில்லை: நாலில் ஒரு 3, மூன்று கழித்தல் 1. ஒன்றை உறுதியாக நீக்க முடிந்தால் கை வைக்கலாம். எனக்குக் குருட்டு அதிர்ஷ்டம் கிடையாது என்று 246 ஏற்கெனவே சொல்லிவிட்டதால் தெரியாததைத் தொடவில்லை. கணக்குகளைக் கடைசிக்கு ஒதுக்கினேன். நிமிடத்துக்கு ஒரு கேள்வி என்ற வேகத்தில் ஒரு டூட்டி கணக்கு நாலு கேள்வியைத் தின்றுவிடும். வாரக் கடைசியில் சாயல்குடி, வேம்பார் வழி பஸ்ஸில் பிரிவு எண்களை மட்டும் ஓட்டிப் பார்த்தது கைகொடுத்தது. பஸ்ஸில் கணக்குப் போட முயலாதீர்கள், ஒரு தடவை புத்தகம் ஜன்னல் வழியே உப்பளத்துக்குப் போய்விட்டது.

எழுத்தில் தேறினேன். வாய்மொழித் தேர்வில் எதிரே மூன்று பேர். நடுவில் இருந்தவர் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "ராமநாதபுரம் மாவட்டமா? தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் எவ்வளவு தூரம்?"

"சுமார் 30 கிலோமீட்டர் சார்."

"அங்கே ஜப்பான் கார் நிறைய. ஸ்டியரிங்கும் நம்ம பக்கம்தான். ஒருத்தர் படகில் ஏற்றி ராமேஸ்வரத்தில் இறக்கினால்?"

"இறக்க முடியாது சார். பழைய கார் மும்பையில் மட்டும்தான்."

"சரி, சுற்றிக்கொண்டு மும்பைக்கே போகிறார். இப்போது டூட்டி எவ்வளவு?"

கை தன்னால் பேனாவை நோக்கிப் போனது. இழுத்துக்கொண்டேன்.

"தயாரிப்புத் தேதி என்ன சார்?"