வைவாவில் என்னைக் கவிழ்த்த 1833

எம்.ஏ. ஆங்கிலத்தில் குழந்தை இலக்கியத் தாளுக்கு நான் எடுத்துக்கொண்டவர் அமெரிக்க எழுத்தாளர் லிடியா மரியா சைல்ட். 1802-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் மெட்ஃபர்டில் பிறப்பு, அப்பா பேக்கரிக்காரர், 1826-இல் சிறுவர் இதழ் 'ஜுவனைல் மிஸெலனி', 1829-இல் சிக்கனக் குடித்தனம் பற்றிய புத்தகம், 1880-இல் மறைவு. இப்படி அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டி உருப்போட்டேன்.

வைவா என்ற வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் கேட்டது ஒரே கேள்வி: "நல்லாப் போய்க்கிட்டிருந்த இதழை 1834-ல அந்தம்மா ஏன் விட்டாங்க?" ஆண்டு தெரியும், காரணம் தெரியாது. "உடம்பு முடியலை போல, சார்" என்று உளறினேன். அவர் பேனாவை மூடி வைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

காரணம், 'இது குழந்தை இலக்கியம் இல்லையே' என்று நான் தள்ளிவிட்ட 1833-ஆம் ஆண்டு நூலில் இருந்தது. அடிமைகளை உடனே விடுவிக்க வேண்டும் என்றதோடு, வெள்ளையரும் கறுப்பரும் மணம் செய்யக்கூடாது என்ற மாசசூசெட்ஸ் சட்டத்தையும் அதில் சாடியிருந்தார். அடிமைமுறை இருந்த தென் மாநிலங்களை மட்டும் திட்டியிருந்தால், மாசசூசெட்ஸ் தலைநகரான பாஸ்டன்காரர்கள் பொறுத்திருப்பார்களோ என்னவோ. சொந்த ஊரையே தொட்டுவிட்டார். பாஸ்டன் அதீனியம் நூலகம் அவருக்குத் தந்திருந்த இலவசப் படிப்புச் சலுகையைப் பறித்தது. பெற்றோர்கள் சந்தாவை நிறுத்தினார்கள். இதழ் சாரா ஹேல் என்ற இன்னொரு எழுத்தாளர் கைக்கு மாறியது. கணவர் டேவிட் வக்கீல், ஆனால் தீராத கடன்காரர். லிடியாவின் எழுத்துதான் குடும்பத்துக்குச் சோறு போட்டது. இதைத் தெரிந்துகொண்டு படித்தால் அந்தச் சிக்கனப் புத்தகமே வேறு மாதிரி இருக்கும்.

அதனால், ஓர் எழுத்தாளரைப் படிக்கும்போது பிறப்பிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். வாழ்க்கை தடம் மாறிய ஓர் ஆண்டைப் பிடித்து, அதிலிருந்து முன்னும் பின்னும் போய்ப் பாருங்கள். 'நம் தாளுக்கு வேண்டாதது' என்று தோன்றுவதை ஒரு முறையாவது புரட்டுங்கள்.

அப்புறம், மூலத்தைப் பாருங்கள். அவருடைய 1844 நன்றி நவிலல் நாள் (தேங்க்ஸ்கிவிங்) பாட்டில் குழந்தைகள் பனிவண்டியில் போவது தாத்தா வீட்டுக்கு. இன்று பலர் பாடுவது பாட்டி வீடு. யூடியூபில் கேட்டதை நம்பி நானும் பாட்டி என்றே எழுதி, அதற்கும் மதிப்பெண் போனது.

இரண்டாம் முறை எழுதியபோது, விடுதலை பெற்ற அடிமைகள் படிப்பதற்காக 1865-இல் அவர் தொகுத்த வாசகப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அங்கிருந்து 1833-க்குப் பின்னோக்கிப் போனேன். இந்தத் தடவை வைவா அரை மணி நேரம் நீண்டது.