கிராஞ்சியில் பெரிய தாத்தாவைத் தேடின கதை

படை எண், அதாவது ராணுவத்தில் ஒவ்வொரு சிப்பாய்க்கும் கொடுக்கும் எண், இல்லாமல் சிங்கப்பூரின் கிராஞ்சிப் போர் நினைவிடத்துக்குப் போகாதீர்கள். நான் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போச்சு.

பெரிய தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் சேர்ந்தவர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனதோடு அவர் கடிதமும் நின்றுபோனது. "பொணம்கூடக் கிடைக்கல" என்பதுதான் வீட்டுப் பேச்சு. அதனால் கல்லறை இல்லாதவர்களின் பெயர்ச் சுவரில்தான் இருப்பார் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அங்கே 24,000-க்கு மேல் பெயர்கள். அகரவரிசை என்று நம்பிப் போனால், முதலில் படைப்பிரிவு, அடுத்து பதவி, அப்புறம்தான் அகரவரிசை. போதாததற்கு அவர் பெயரில் வரும் 'சாமி'யை எந்த எழுத்தர் எப்படி எழுதினாரோ! எஸ்-ஏ-எம்-ஐ, எஸ்-டபிள்யூ-ஏ-எம்-ஒய், எல்லாம் பார்த்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது.

யாரையாவது கேட்கலாம் என்று பக்கத்து அரசு மயானத்துக்குள் நுழைந்தேன். அலுவலகம் எதுவும் கண்ணில் படவில்லை. இரண்டே கல்லறைகள். ஒன்று முதல் அதிபர் யூசோஃப் இஷாக்குடையது, 1970-ல் இறந்தவர். என் பையில் கசங்கிக் கிடந்த இரண்டு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நோட்டில் இருக்கும் அதே முகம். இன்னொன்று அடுத்த அதிபர் பெஞ்சமின் ஷியர்ஸுடையது. புல் ஒரு மட்டமாக வெட்டியிருந்தது. ஆள் அரவமே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன், திரும்பிவிட்டேன்.

படை எண்ணைக் கேட்டு ஊரில் சித்தப்பாவை ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினேன். மூன்று நடை. "எண்பது வருஷக் கதைய இப்ப எதுக்குக் கிண்டுறீங்க, பொழுது போகலையா?" என்றாராம் அங்கிருந்தவர். மூன்றாம் நடையில் மனு வாங்கினதற்கு ரசீதுகூடத் தரவில்லை. கடைசியில் படை எண் கிடைத்த இடம், சித்தப்பா தினமும் படுக்கிற கட்டிலுக்கு அடியில்! டிரங்குப் பெட்டிக்குள், கொள்ளுப்பாட்டி பென்ஷன் வாங்கின மஞ்சள் சீட்டு. ஆகவே மனு எழுதுவதற்கு முன்னால் பரணையும் பெட்டியையும் குடைந்துவிடுங்கள்.

எண் கிடைத்த பிறகு காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத்தளத்தில் தேட இரண்டு நிமிஷம். இடப் பெயரைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் அந்தச் சுவரிலேயே இல்லை. அதற்கு நேர் பின்னால் தகன நினைவுச்சின்னம் என்று தனியாக ஒன்று இருக்கிறது. அவரவர் மத வழக்கப்படி எரியூட்டப்பட்ட ஏறக்குறைய 800 பேர், பெரும்பாலும் இந்தியப் படையினர். போன தடவை நான் நிழலுக்கு ஒதுங்கித் தண்ணீர் குடித்தது அங்கேதான்.

எனக்காவது ஓர் எண் இருந்தது. போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதையில் வேலை செய்து செத்துப்போன மலாயாத் தோட்டத் தமிழர்களின் பேரப்பிள்ளைகள் எந்தச் சுவரில் போய்த் தேடுவார்கள்?

இரண்டாம் முறை காலை வெயில் ஏறுமுன் போனேன். எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடக்கவில்லை, பேருந்து பிடித்தேன். பத்து நிமிஷத்தில் பெயர் கிடைத்தது. ஓர் எழுத்து கூடுதல், ஆனால் எண் அதேதான். விரலால் தடவிக்கொண்டே சித்தப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன்.

"அப்ப அனாதையாப் போகல" என்றார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "கொள்ளி யார் வெச்சாங்கன்னு போட்டிருக்காடா?" என்று கேட்டார்.

போடவில்லை.