ஏ-யில் புலி, டி-யில் பூனை

வெளிநாட்டு மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வை எழுதுவது என்று முடிவானதும் நான் செய்த முதல் காரியம், யாரோ அனுப்பிய 3,500 ஆங்கிலச் சொற்கள் கொண்ட பட்டியலை அச்செடுத்ததுதான். தினம் நாற்பது சொல் படித்தால் மூன்று மாதத்தில் முடிந்துவிடும். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஐந்து வாரம் கழித்துப் பார்த்தால், ஏ எழுத்தில் தொடங்கும் சொற்களில் நான் புலி. டி வந்ததும் பூனை. அபேட், அபெரன்ட், ஆப்ஸ்காண்ட் எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இரண்டு நாள் விட்டுப்போனால் மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்ததன் பலன் அது.

அந்த நிலையில் ஒரு மாதிரித் தேர்வு எழுதினேன். ஆங்கில மொழித்திறனைச் சோதிக்கும் வெர்பல் பகுதிக்கு 130 முதல் 170 வரை மதிப்பெண். எனக்கு வந்தது 148. இத்தனை சொல் படித்தும் இதுதானா என்று ஒரு நாள் முழுக்க அந்தப் பக்கமே போகவில்லை. அப்புறம் தப்பான கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். என்னைக் கவிழ்த்தவை தெரியாத சொற்கள் அல்ல. தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவை.

ஒரு மாதிரி சொல்கிறேன். சென்டென்ஸ் ஈக்விவலன்ஸ் என்று ஒரு கேள்வி வகை உண்டு. ஒரே ஒரு கோடிட்ட இடம், கீழே ஆறு சொற்கள். அவற்றில் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; எதைப் போட்டாலும் வாக்கியம் ஒரே பொருள் தர வேண்டும். ஒன்று சரி, ஒன்று தப்பு என்றால் பாதி மதிப்பெண்கூடக் கிடையாது. இப்போது வாக்கியம்: ‘விமர்சகரின் பாராட்டு ____ தான் என்றாலும், குறையே சொல்லாததுபோலப் பதிப்பாளர் அதை அட்டையில் போட்டுவிட்டார்.’ கீழே எஃப்யூசிவ், லாவிஷ் என்று இரண்டு சொற்கள். இரண்டுக்கும் வாரி வழங்குவது என்ற சாயல். ஜோடி கிடைத்த சந்தோஷத்தில் நான் சொடுக்கிவிடுவேன். சரியான விடை குவாலிஃபைட், டெம்பர்ட். எனக்கு குவாலிஃபைட் என்றால் தகுதி பெற்ற, டெம்பர் என்றால் கோபம். இங்கே அவை ‘ஆனால்’ போட்டுச் சொன்ன பாராட்டு, சுருதி குறைத்த பாராட்டு. ‘என்றாலும்’ என்ற சொல் வாக்கியத்தைத் திருப்புவதைக் கவனிக்காமல் ஜோடியை மட்டும் தேடினால் இந்தக் கதிதான்.

விசாரித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. நான் அச்செடுத்த பட்டியல் பழைய தேர்வுக்கானது. சொல்லைத் தனியாக நிறுத்தி எதிர்ச்சொல் கேட்கும் வழக்கத்தை 2011-லேயே எடுத்துவிட்டார்கள். இப்போது எந்தச் சொல்லும் ஒரு வாக்கியத்துக்குள் உட்கார்ந்துதான் வரும். நானோ வாக்கியமே இல்லாமல் படித்துக்கொண்டிருந்தேன்.

பட்டியலை மூட்டை கட்டிவிட்டு, படிப்பதை அட்டை அட்டையாகக் காட்டிக் கேள்வி கேட்கும் ஆங்கி செயலிக்கு மாறினேன். சரியாகச் சொன்ன அட்டை சில நாள் கழித்து வரும், அப்புறம் சில வாரம் கழித்து. தப்பினால் உடனே திரும்பி வரும். அட்டையின் முன்பக்கம் சொல்லுக்குப் பதில் கோடிட்ட வாக்கியத்தைப் போட்டேன். தெரிந்த சொற்களுக்கென்றே தனிக் கட்டு ஒன்று. ஹஸ்பண்ட் வினைச்சொல்லாக வந்தால் சிக்கனமாகச் செலவழிப்பது. கணவன்மார்களைப் பற்றி எதுவும் சொல்ல விரும்பவில்லை. ஃப்ளாக் என்றால் தளர்வது. சேங்க்ஷன் என்றால் அனுமதி, தண்டனை இரண்டுமே. எது என்று பக்கத்துச் சொற்கள்தான் சொல்லும்.

மண்டையில் ஏற மறுத்த சொற்களுக்குத் தமிழ்தான் கைகொடுத்தது. கேண்டர் என்பதைக் ‘கண்டார்’ ஆக்கினேன்: கண்டதைக் கண்டபடி சொல்கிறவர், ஒளிவுமறைவில்லாத பேச்சு. எனர்வேட் என்னை மூன்று முறை ஏமாற்றியது. எனர்ஜி மாதிரி ஒலிக்கிறதே என்று தெம்பூட்டுவது என்பேன். பொருள் நேர் எதிர். லத்தீனில் நரம்பை உருவி எடுப்பது என்று வேரைப் பார்த்த பிறகு மறக்கவே இல்லை. ஆனால் எல்லாச் சொல்லுக்கும் இப்படிக் கதை ஜோடிக்க உட்கார்ந்தால் கதைதான் நினைவிருக்கும், சொல் இருக்காது. பத்தில் ஒன்றுக்குப் போதும்.

நடுவில் காய்ச்சலில் நான்கு நாள் படுத்துவிட்டேன். எழுந்து செயலியைத் திறந்தால் 312 அட்டைகள். ஒரே நாளில் முடிக்கப் பார்த்து, பாதியில் எல்லாவற்றையும் சரி சரி என்று தட்டிவிட்டேன். யாரை ஏமாற்றினேன் என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு புதுச் சொல் தினம் பத்துதான். மீதி நேரம் கட்டுரை வாசிப்பு.

தேர்வு 2023 செப்டம்பரில் சுருங்கிவிட்டது. மொத்தம் 1 மணி 58 நிமிடம். வெர்பல் 41 நிமிடத்தில் 27 கேள்விகள், இரண்டு பிரிவாக. முதல் பிரிவில் செய்ததைப் பொறுத்து இரண்டாவது எளிதாகவோ கடினமாகவோ வரும். எனக்கு இரண்டாவது மூச்சு முட்டியது. நல்ல சகுனம் என்று தேற்றிக்கொண்டேன். பட்டியலில் மனப்பாடம் செய்த அரிய சொற்களில் நான் கண்டது நான்கோ ஐந்தோதான். கடைசியில் திரையில் வந்தது 159. அபெரன்ட் கடைசிவரை வரவே இல்லை.