செங்டுவில் உதடு குறுகுறுத்த மத்தியானம்

சீனாவின் சிச்சுவான் மாகாணத்துக்குப் போவது என்று முடிவானதுமே, அதன் தலைநகர் செங்டுவில் சென் மாபோ தோஃபு கடையில் ஒரு வேளையாவது சாப்பிட்டுவிட வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டாள். தோஃபு என்பது சோயாப் பாலைத் திரித்துச் செய்யும் பன்னீர் மாதிரி ஒன்று. 1862-இல் ஊரின் வடக்கே வான்ஃபு பாலத்தருகில் சின்னச் சாப்பாட்டுக் கடையாகத் தொடங்கியது அது. இப்போது நகரில் பல கிளைகள். நாங்கள் போன கிளையின் வாசலில் மத்தியானம் நல்ல கூட்டம்.

எண் போட்ட சீட்டைக் கொடுத்து உட்காரச் சொன்னார்கள். எண்ணைச் சீன மொழியில்தான் கூப்பிடுகிறார்கள். பக்கத்து ஸ்டூலில் இருந்த பாட்டியிடம் சீட்டைக் காட்டினேன். அவர் தன் சீட்டோடு வைத்துப் பார்த்து, கை விரல்களை நீட்டி எனக்கு முன்னால் எத்தனை பேர் என்று காட்டினார். எங்கள் முறை வந்ததும் தோளைத் தட்டி உள்ளே போகச் சொன்னவரும் அவர்தான். அந்த அன்பு சாப்பாட்டுக்கு முன்னாலேயே வயிற்றை நிறைத்துவிட்டது.

மாபோ என்ற பெயருக்கு ஒரு கதை உண்டு. கடை முதலாளி சென்னின் மனைவிக்கு முகத்தில் அம்மைத் தழும்பு. 'மா' என்றால் தழும்பு, 'போ' என்றால் வயதான பெண். பாலத்தைக் கடந்து எண்ணெய் சுமந்து போகும் கூலிக்காரர்கள் அங்கேதான் பசியாறுவார்களாம். அவர்களுக்காக அந்த அம்மா சமைத்த தோஃபுதான் பிறகு உலகமெல்லாம் போனது. அவருடைய சொந்தப் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? தழும்பை வைத்துக் கூப்பிட்ட பெயரே நின்றுவிட்டது. எனக்கு அது கொஞ்சம் வலித்தது.

பழைய முறைப்படி இதில் கொத்திய மாட்டிறைச்சி சேரும். அக்கா அதைச் சாப்பிடுவதில்லை. போனில் மொழிபெயர்த்துக் காட்டினோம். பரிமாறும் பெண் படித்துவிட்டுத் தலையாட்டினார். அவளுக்கு இறைச்சி இல்லாமல் தனிக் கிண்ணம் வந்தது. சாப்பிடாதவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கிண்ணம் வந்தபோது விளிம்பில் குழம்பு இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. மேலே ஒரு விரல்கடைக்குச் சிவந்த எண்ணெய், அதன்மேல் பழுப்பு நிறத்தில் ஏதோ பொடி. அடியில் வெள்ளைத் தோஃபு, சதுரம் சதுரமாக, கரண்டி பட்டால் நடுங்குகிறது. ஆனாலும் ஒரு துண்டுகூட உடையவில்லை. வெட்டிய துண்டுகளை முதலில் உப்பு போட்ட வெந்நீரில் ஊறவைப்பதும், மாவுக் கரைசலை ஒரேயடியாக ஊற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பதும்தான் அதற்குக் காரணம். சிவப்பும் உப்பும் தௌபான்ஜியாங்கிலிருந்து வருகிறது. அகன்ற மொச்சை போன்ற ஒரு பயறையும் மிளகாயையும் சேர்த்து மாதக்கணக்கில் புளிக்கவைத்த விழுது அது. செங்டுவை ஒட்டிய பீசியன் அதற்குப் பேர்போன இடம்.

முதல் வாய் சோற்றோடு. சூடு, அப்புறம் காரம். இவ்வளவுதானே என்று நினைத்த நேரத்தில் உதட்டோரம் என்னவோ துடித்தது. கால் மரத்துப்போய் மீண்டும் உணர்வு வரும்போது சுருசுருவென்று இருக்குமே, அது நாக்கில் நடந்தது. அறுசுவையில் இதை எதில் சேர்ப்பது? காரத்திலும் சேராது, துவர்ப்பிலும் சேராது. சீனர்கள் இதற்கென்றே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: அதுவும் 'மா'தான். மரத்துப்போவது என்று பொருள்.

அந்தப் பழுப்புப் பொடிதான் ஹுவாஜியாவோ. மிளகு மாதிரி இருந்தாலும் எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. கறுப்பு விதையை விட்டுவிட்டு மேல்தோலைத்தான் சமைக்கிறார்கள். அதிலிருக்கும் சான்ஷூல் என்ற பொருள் தொடு உணர்ச்சி நரம்புகளைத் தூண்டுகிறது. 2013-இல் லண்டன் ஆய்வாளர்கள் அளந்து பார்த்ததில், உதட்டில் நொடிக்கு ஏறத்தாழ 50 முறை அதிர்வது போன்ற உணர்வை அது தந்தது. நாக்கு ருசி பார்க்கும் என்று தெரியும். அதிர்வைக் கேட்பது போல உணரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அக்கா தண்ணீரை எடுத்துக் குடித்தாள். "டேய், தண்ணியே வேற மாதிரி இருக்குடா, குடிச்சுப் பாரு" என்றாள். குடித்தேன். எலுமிச்சை பிழிந்த மாதிரி இருந்தது. சிரித்துக்கொண்டே இன்னொரு கிண்ணம் சோறு வாங்கினோம். கூட வைத்த வறுத்த கீரை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் யாரும் அதைத் தேடவில்லை.

விடுதிக்கு நடந்தோம். பாதி வழியில் அக்கா கேட்டாள்.

"உனக்கு இன்னும் குறுகுறுங்குதா?"

"லேசா இருக்குக்கா."

"எனக்குப் போயிடுச்சு. ராத்திரி மறுபடியும் வரலாமா?"