சிசேரியன் வார்டில் இரண்டாம் இரவு

பிரசவத்துக்குப் பிந்தைய வார்டில் செவிலியராகப் பணிபுரியும் நான், சிசேரியன் ஆன தாய்மார்களிடம் மிக அதிகமாகக் கேட்கும் வார்த்தை "சிஸ்டர், பால் வரவில்லை" என்பதுதான். பெரும்பாலும் அது இரண்டாம் நாள் இரவில் வரும். முதல் நாளை ஏறக்குறைய உறங்கியே கழித்த குழந்தை அன்றிரவு விழித்துக்கொண்டு, மணிக்கு ஒரு முறையோ அதற்கும் முன்பாகவோ பாலுக்கு அழும். முதுகில் போட்ட மயக்க ஊசியின் பலன் முற்றிலும் தீர்ந்து, வயிற்றுத் தையல் தன் முழு வலியையும் காட்டத் தொடங்கியிருக்கும். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் வீடு திரும்பியிருப்பார்கள். அந்த நேரத்தில் ஒரு பெண் தன் உடலைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் தீர்ப்பு பெரும்பாலும் அநியாயமானது. ஆகவே, பால் இல்லை என்று கேட்டதும் மார்பைப் பார்ப்பதற்கு முன்பாக, கடைசியாக வலி மாத்திரை எப்போது எடுத்தீர்கள் என்று விசாரிப்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன்.

வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தால் பால் ஊறாது என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. உண்மையில், நஞ்சுக்கொடி கருப்பையை விட்டு வெளியேறியதும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவு சரிவதுதான் பால் பெருகுவதற்கான தொடக்கம்; அது எந்த வழியில் வெளியேறியது என்பது அந்தத் தொடக்கத்துக்குத் தடையில்லை. ஆனால் தாமதம் நேரலாம். பொதுவாக இரண்டு மூன்று நாட்களில் மார்பு கனத்துப் பால் நிறையும் என்றால், சிசேரியனுக்குப் பிறகு, குறிப்பாக முதல் பிரசவமாகவோ, தாய்க்கு நீரிழிவு இருந்தோ, அதிக இரத்தம் போயோ, நெடுநேரம் வலி கண்டு கடைசியில் அவசரமாக அறுவை செய்ய நேர்ந்தோ இருந்தால், அது 72 மணி நேரத்தையும் தாண்டலாம். அதுவரை குழந்தைக்கு இருப்பது சீம்பால். முதல் நாளில் ஒரு வேளைக்குக் குழந்தை குடிப்பதே ஏறத்தாழ 2 முதல் 10 மில்லி வரைதான் என்பதால், அழுத்தினால் சில சொட்டுகள் மட்டுமே வருவதைக் கண்டு பதற வேண்டியதில்லை.

வலியைப் பற்றி நான் முதலில் கேட்பதற்குக் காரணம் ஆக்ஸிடோசின். ஊறிய பாலை வெளியே தள்ளுவது இந்த ஹார்மோன்தான். வலியும் அச்சமும் அது சுரப்பதைத் தடுக்கின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு, தோள்கள் காதுவரை ஏற, மூச்சை அடக்கியபடி பாலூட்டும் பெண்ணுக்குப் பால் இருந்தும் இறங்காமல் போகலாம். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு: குழந்தை சப்பும்போது சுரக்கும் அதே ஆக்ஸிடோசின் கருப்பையையும் சுருங்க வைப்பதால், அடிவயிற்றில் இழுத்துப் பிடிக்கும் வலி தையல் வலியோடு சேர்ந்துகொள்கிறது, இரண்டாவது, மூன்றாவது பிரசவமானவர்களுக்கு இது இன்னும் கூடுதலாக இருக்கும். கருப்பை சுருங்கி இரத்தப்போக்கு குறைவதற்கான அறிகுறி இது என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால், தையல் பிரிகிறதோ என்று அஞ்சிப் பாலூட்டுவதையே சிலர் நிறுத்திவிடுகிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மாத்திரை வேண்டாம் என்று மறுப்பவர்கள் உண்டு. மருந்து பாலில் கலந்து குழந்தைக்குப் போய்விடும் என்பதே அவர்களின் கவலை. அந்தக் கவலை ஆதாரமற்றது அல்ல: கோடீன், டிரமடால் என்ற வலி மருந்துகளைப் பாலூட்டும் தாய்மார்கள் எடுக்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் எச்சரித்தது. ஆனால் மருத்துவர்கள் வழக்கமாக எழுதித் தரும் பாரசிட்டமால், ஐபுபுரோஃபென் போன்றவை பாலில் மிகச் சிறிய அளவே கலக்கின்றன. வலி உச்சத்துக்குப் போன பிறகு கேட்டு வாங்குவதைவிட, எழுதிக் கொடுத்த நேரப்படி எடுப்பதே பலன் தருகிறது. பொறுத்துக்கொள்வதைத் தாய்மையின் இலக்கணமாக நினைப்பவர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் என் வேலையில் கடினமான பகுதி என்பேன்.

வலி அடங்கிய பிறகு உடலை எப்படி வைப்பது என்ற கேள்வி வருகிறது. மடியில் கிடத்தி ஊட்டும் வழக்கமான நிலையில் குழந்தையின் கால்கள் நேராகத் தையலின் மேல் உதைக்கும். அதற்குப் பதிலாக, பக்கவாட்டில் தலையணைகளை அடுக்கி, குழந்தையின் உடல் தாயின் கைக்கு அடியிலும் கால்கள் அவள் முதுகை நோக்கியும் இருக்குமாறு வைத்து, பிடரியை உள்ளங்கையில் தாங்கிப் பிடித்தால் வயிறு முற்றிலும் தப்பிக்கிறது. படுத்தபடி ஊட்டுவது இன்னும் எளிது என்றாலும், ஒருக்களித்துத் திரும்புவதே பெரும்பாடு. முழங்கால்களை மடக்கி, தையலின் மேல் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு, தோளும் இடுப்பும் ஒன்றாக நகரும்படி மெல்லப் புரள வேண்டும். கால்கள் இன்னும் மரத்திருக்கும் முதல் சில மணி நேரத்தில், தலைப்பக்கத்தைச் சற்றே உயர்த்தி, குழந்தையை மார்பின் குறுக்கே கிடத்தலாம். அப்போது மட்டும் தாயைத் தனியே விடக்கூடாது, மருந்தின் அசதியில் அவள் கண்ணயர்ந்துவிட்டால் குழந்தை கீழே விழவோ மூச்சு அடைபடவோ வாய்ப்புண்டு. கையில் குத்திய ஊசிக்குழாயும் ஒரு தொல்லை. மணிக்கட்டு மடியும் இடத்தில் அதைப் பொருத்திவிட்டால் அந்தக் கையால் குழந்தையின் தலையைத் தாங்கவே முடியாது. குத்துபவர்கள் பாலூட்டுவதையும் நினைத்து இடம் தேர்ந்தால் நன்றாயிருக்கும். இதை நான் பலமுறை சொல்லிவிட்டேன்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கத் தொடங்க வேண்டும் என்ற உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை சிசேரியனுக்கும் பொருந்தும். முதுகில் ஊசி போட்ட தாய் விழித்தே இருக்கிறாள். குழந்தையை எடுக்க ஆகும் நேரத்தைவிடத் தைத்து முடிக்க ஆகும் நேரம் அதிகம். இருவரும் நலமாக இருந்தால், அந்த நேரத்தில் குழந்தையை அவள் மார்பில் தோலோடு தோல் படக் கிடத்துவதற்குக் குறுக்கே நிற்பது, என் பார்வையில், பெரும்பாலும் மருத்துவக் காரணமல்ல, எடை பார்ப்பதையும் துடைத்துச் சுற்றுவதையும் முதலில் முடிக்கும் பழக்கமே.

பால் போதுகிறதா என்பதை அழுகையை வைத்து முடிவு செய்ய இயலாது. முதல் நாள் ஒரு முறை, இரண்டாம் நாள் இரண்டு முறை என்று வளர்ந்து, ஐந்தாம் நாளுக்குப் பின் ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் போக வேண்டும். கருமையான மலம் பச்சையாகிப் பின் மஞ்சளாக மாற வேண்டும். அறுவையின்போது தாய்க்கு ஏற்றிய திரவத்தில் ஒரு பங்கு குழந்தையின் பிறப்பு எடையைச் சற்றே கூட்டிக் காட்டக்கூடும் என்பதால், எடை இறக்கத்தை அதையும் கணக்கில் கொண்டே பார்க்கிறோம். இறக்கம் 10 சதவீதத்தை நெருங்கினாலோ, குழந்தையின் இரத்தச் சர்க்கரை குறைந்தாலோ, அது எழுப்பியும் எழாமல் சோர்ந்து கிடந்தாலோ கூடுதல் பால் தேவைப்படலாம். முதலில் தாயின் பாலையே கையால் பீய்ச்சிக் கரண்டியில் கொடுக்கிறோம். அது போதாதபோது தாய்ப்பால் வங்கியின் பாலோ, மாவுப் பாலோ கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த வேளையிலும் மார்பிலிருந்து பாலை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையேல் சுரப்பு குறைந்துபோகும்.

உடன் தங்கும் உறவினருக்கும் நான் வேலை கொடுப்பதுண்டு. பால் பற்றாது என்று கட்டிலருகே அமர்ந்து சொல்லிக்கொண்டிருப்பவர், இரவில் குழந்தையை எடுத்துத் தாயின் கையில் தந்து, குடித்து முடித்ததும் வாங்கித் துணி மாற்றித் திரும்பக் கிடத்தினால், அவள் ஒவ்வொரு முறையும் தையலைப் பிடித்துக்கொண்டு எழ வேண்டியதில்லை. படுக்கையிலிருந்து எழுவதுதான் அந்த நாட்களில் மிக அதிகமாக வலிப்பது. ஓர் இரவில் எட்டு முறை எழுவதை இரண்டாகக் குறைத்துவிட்டால், அடுத்த வேளைக்குக் குழந்தையை அவளே கேட்டு வாங்குகிறாள்.